சிம்கோ ஏரியின் ஐந்தொகை

கோடை தொடங்கியதும் ரொறன்ரோப் பெரும்பாகத்துத் தமிழர்களின் வார இறுதிகள் வடக்கு நோக்கி நகரத் தொடங்கிவிடும். ஊர்ச்சங்க ஒன்றுகூடல், பழைய மாணவர் ஒன்றுகூடல், குடும்பத்தோடு ஒரு பார்பெக்யூ என்று எதுவானாலும், ஒரு மணித்தியால ஓட்டத்தில் எட்டக்கூடிய சிம்கோ ஏரிக்கரை எமக்குப் பழகிய இடம். சிபால்ட் பொயின்ற், இனிஸ்ஃபில், பரி, ஒரிலியா என்று அதன் கரையூர்களின் பெயர்கள் எம் பிள்ளைகளுக்கும் தெரியும். மாரியில் உறைந்த ஏரியின்மேல் கூடாரமடித்து மீன்பிடிக்கப் போகும் எம்மவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு தூரம் நாம் பயன்படுத்தும் அந்த ஏரி எப்படி உயிரோடு இருக்கிறது, அதற்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு பெயர்க்கதை. நாம் வாழும் நகரத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்த ஏரிதான். சிம்கோ ஏரியும் கூச்சிச்சிங் ஏரியும் சந்திக்கும் ஒடுங்கிய நீரிணையில், தண்ணீருக்குள் மரக்கம்புகளை வரிசையாக நட்டு, முதற்குடி மக்கள் மீன் பிடித்தார்கள். மிஞ்சிக்கனிங் மீன் பட்டி எனப்படும் இவ்விடத்தின் கம்புகளில் சில 4,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. ‘தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம்’ என்று பொருள்படும் மோகாக் சொல் ‘த்கரோன்ரோ’. பழைய பிரெஞ்சு வரைபடங்களில் சிம்கோவுக்கே அந்தப் பெயர் இருந்தது. பின்னர் அது வணிகப் பாதை வழியே தெற்கே இறங்கி எங்கள் நகரத்தில் நிலைத்தது. 1982இல் அந்த மீன் பட்டி தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏரியைக் கூட்டாகப் பார்த்துப் பயன்படுத்தும் வழக்கம் இங்கு எவ்வளவு பழையது என்பதற்கு அந்தக் கம்புகள் சாட்சி.

ஏரியின் பரப்பு 722 சதுர கிலோமீற்றர். ஆகக் கூடிய ஆழம் ஏறத்தாழ 41 மீற்றர். ஆறுகளாலும் ஓடைகளாலும் வந்து சேரும் நீர் வடக்கே அந்த ஒரே நீரிணை வழியாக வெளியேறி, கூச்சிச்சிங், செவர்ன் ஆறு என்று ஓடி ஜோர்ஜியன் விரிகுடாவை அடைகிறது. உள்ளே வந்த நீர் முழுவதுமாக மாறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே இன்று ஏரிக்குள் போவது நாளைக்கே போய்விடுவதில்லை. கரையோர ஊர்கள் பலவற்றின் குடிநீரும் இதிலிருந்தே எடுக்கப்படுகிறது.

வர்த்தகம் படித்து, கணக்காளனாகத் தொழில் செய்பவன் என்பதால் எனக்கு இந்த ஏரியைப் பேரேடாகப் பார்ப்பதே இலகு. அதன் முக்கிய கணக்கு பொசுபரசு. பயிருக்கு உரமாகும் அதே பொசுபரசு தண்ணீரில் பாசிக்கும் உரமாகிறது. ஒரு கிலோ பொசுபரசால் 500 கிலோ வரை பாசி வளரலாம் என்று சொல்வார்கள். பாசி இறந்து அடியில் படிகிறது. அதை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆழத்து நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்று தீர்க்கின்றன. கோடையின் இறுதியில் இதன் விளைவை அனுபவிப்பது லேக் ட்ரவுட் மீன். அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டும். குளிர்ந்த நீர் ஆழத்தில்தான் இருக்கிறது. ஆழத்திலோ மூச்சுவிட ஒட்சிசன் போதாது. மேலே சூடு, கீழே மூச்சுத்திணறல். இரண்டுக்கும் நடுவே மீன் நெருக்குண்டு போகிறது.

1960களிலிருந்து இந்த ஏரியில் லேக் ட்ரவுட்டின் இயற்கை இனப்பெருக்கம் குன்றி, ஏறக்குறைய நின்றே போனது. அரசு பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை ஆண்டுதோறும் விட்டுத்தான் அந்த இனத்தைக் காப்பாற்றியது. விடப்படும் குஞ்சுகளின் செட்டையொன்றை அடையாளத்துக்காக நறுக்கிவிடுவார்கள். ஆகவே பிடிபடும் மீனின் செட்டையைப் பார்த்தால் ஏரியின் நிலை தெரியும். நறுக்கிய செட்டை என்றால் அது வெளியிலிருந்து போடப்பட்ட முதல். முழுச் செட்டை என்றால் ஏரி தானே ஈட்டிய வருமானம். 2000களில் முழுச் செட்டையுள்ள இளம் மீன்கள் மீண்டும் தென்படத் தொடங்கின. பல பத்தாண்டு நட்டத்துக்குப் பிறகு வந்த முதல் இலாபம் அது.

அது தானாக வரவில்லை. கரையோர மக்களின் நீண்ட வற்புறுத்தலுக்குப் பின் 2008இல் ஒன்ராறியோ சட்டமன்றம் சிம்கோ ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2009இல் வந்த பாதுகாப்புத் திட்டம் இரண்டு இலக்குகளை எண்ணாலே சொன்னது: ஆழத்து நீரில் லீற்றருக்கு 7 மில்லிகிராம் ஒட்சிசன், ஏரிக்குள் வரும் பொசுபரசு ஆண்டுக்கு 44 தொன். 1980களில் நூறு தொன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்தது. இப்போது குறைந்திருக்கிறது, ஆனால் 44ஐ இன்னும் எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற பெரிய பதிவுகளைக் கட்டுப்படுத்துவது ஒப்பீட்டளவில் சுலபம். குழாய் ஒன்று, உரிமையாளர் ஒருவர், உத்தரவு ஒன்று. மிச்சமிருப்பவை சில்லறைப் பதிவுகள்: புற்றரைக்குப் போடும் உரம், மழைநீரோடு வரும் வீதிக் கழிவு, கோட்டேஜ்களின் மலக்குழி, கட்டட வேலைத்தளங்களிலும் வயல்களிலும் இருந்து காற்றோடு வந்து விழும் தூசு. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அற்பத் தொகை. கூட்டினால் அதுதான் கடன்.

இப்போது இன்னொரு கணக்கும் ஏறிக்கொண்டு வருகிறது. அது உப்பு. மாரியில் வீதிகளிலும் வாகனத் தரிப்பிடங்களிலும் கொட்டப்படும் உப்பின் குளோரைட்டு உக்காது, ஆவியாகாது. அதற்குப் பெறுமானத் தேய்வே கிடையாது. நீரோடு வெளியேறினால் மட்டுமே குறையும். கனடிய வழிகாட்டுதலின்படி நன்னீர் உயிர்களுக்கு நீண்டகாலப் பாதுகாப்பு எல்லை லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட்டு. நகர்ப்புற ஓடைகள் சில மாரியில் இதைத் தாண்டுகின்றன. நடு ஏரியில் அளவு எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் 1970களில் இருந்ததைவிடப் பல மடங்கு. பாசியைத் தின்னும் நுண்ணிய மிதவை விலங்குகளே உப்பால் முதலில் பாதிக்கப்படுவதால், ஒரு கணக்கின் நட்டம் மற்றக் கணக்கையும் தாக்கும்.

தேவைக்கு மிஞ்சி உப்புப் போடுவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு வரும் என்ற பயம். கடை வைத்திருப்பவருக்கும், பனி அகற்றும் ஒப்பந்தக்காரருக்கும், காப்புறுதி நிறுவனத்துக்கும் உப்புத்தான் மலிவான பாதுகாப்பு. அந்தச் செலவின் மறுபக்கப் பதிவு ஏரியில் விழுகிறது என்பது எவருடைய புத்தகத்திலும் இல்லை.

அப்படியானால் ஏரியின் புத்தகத்தை யார் எழுதுகிறார்கள்? அரச விஞ்ஞானிகளும் சிம்கோ ஏரிப் பிரதேசப் பாதுகாப்பு அதிகாரசபையும் அளக்கிறார்கள். அவர்களோடு சாதாரண மக்களும் இருக்கிறார்கள். ‘லேக் பாட்னர்’ என்ற மாகாணத் திட்டத்தில் ஒன்ராறியோ எங்கும் தொண்டர்கள் தங்கள் ஏரிகளின் நீரைப் போத்தலில் எடுத்துப் பொசுபரசு பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்து அனுப்புகிறார்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒழுங்காக வந்து, ஒழுங்காகக் குறிக்கும் பழக்கம் போதும்.

பறவைகளுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. எங்கள் ஒரு டொலர் குற்றியில் இருக்கும் லூன் பறவையைத் தொண்டர்கள் 1981 முதல் எண்ணி வருகிறார்கள். ஜூனில் சோடிகள், ஜூலையில் குஞ்சுகள், ஓகஸ்டில் பிழைத்த குஞ்சுகள் என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். பிழைக்கும் குஞ்சுகளின் விகிதம் குறைந்து வருகிறது என்பது இந்த எண்ணிக்கையால்தான் தெரியவந்தது. லூன் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். மீன்பிடிப்பவர் தவறவிட்ட ஈயக்குண்டு ஒன்றையும் கல்லென்று விழுங்கினால், அந்த ஒன்றே அதைக் கொல்லப் போதும்.

இதில் எமது பங்கு பெரிய தியாகமல்ல. தூண்டிலுக்கு ஈயக்குண்டை விட்டு உருக்கு அல்லது தகரக் குண்டு வாங்கலாம். மிஞ்சிய இரை மீனை ஏரியில் கொட்டக்கூடாது. அது சட்டப்படியும் குற்றம். படகை இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகுமுன் கழுவி, நீர் வடித்து, காயவிட வேண்டும். ஒன்றுகூடலில் மிஞ்சிய சோற்றையும் பாணையும் வாத்துகளுக்குப் போடாதீர்கள். அவற்றின் எச்சம் பொசுபரசாகவும் கிருமியாகவும் பிள்ளைகள் குளிக்கும் கரைக்கே திரும்பி வருகிறது. உரப்பையில் உள்ள மூன்று எண்களில் நடு எண் பொசுபரசு. அது பூச்சியமாக உள்ள பையை எடுங்கள். இருபது அடி ட்ரைவ்வேக்கு ஒரு கோப்பிக் குவளை உப்புப் போதும். குளிர் சைபருக்குக் கீழ் 10 பாகையைத் தாண்டினால் சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்யாது. அப்போது மணல் போடலாம்.

வன்னியில் குளத்தைத் திறக்குமுன் கமக்காரர் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், யார் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று எல்லோர் முன்னிலையிலும் பேசித்தான் மடை திறபடும். தண்ணீருக்குக் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கு ஊருக்குப் பொது என்பது எமக்குப் புதிய பாடமல்ல. இங்கே தண்ணீர் கண்ணுக்கு எட்டாத அளவு பரந்து கிடப்பதால், அது தீராது என்ற எண்ணம் இலகுவாக வந்துவிடுகிறது. எமது சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு தடவை கரையில் கூடுகின்றன. அவற்றுள் சில, கரையைத் துப்புரவாக்கும் நாளொன்றை நடத்தவும், நீர் மாதிரி எடுக்க இரண்டு இளையவர்களைப் பதிவுசெய்யவும் முன்வந்தால், அடுத்த தலைமுறையின் கையில் ஏரியோடு அதன் கணக்குப் புத்தகமும் இருக்கும்.