நீலிக்கு லாட்ஜ் எதற்கு?

தென்கோடித் தடங்கள் – 19

சுசீந்திரத்து இசைத்தூண்களைப் பற்றிப் போன வாரம் எழுதினேன். வந்த கடிதங்களில் தூணை விசாரித்தவர்கள் கொஞ்சம்தான். “உங்கள் பக்கம் பேய் பங்களா, பேய் ஓட்டல் ஏதாவது உண்டா? ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கணும்” என்று கேட்டவர்களே அதிகம். எல்லாம் யூடியூப் செய்கிற வேலை. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்து, வௌவால் பறந்தால் அலறுகிற பையன்களுக்கு லட்சக்கணக்கில் பார்வையாளர்கள் இருக்கிறார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரியில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேய் இருக்கிறது என்று சொல்லி வாடகையைக் கூட்டுகிற லாட்ஜ்காரரை இங்கே தேடிப் பயனில்லை. அறையில் யாராவது தப்பாகச் செத்துப்போனால் ஒரு கணபதி ஹோமம், ஒரு கோட்டு பெயின்ட், கதவில் வேறு நம்பர், அதோடு கப்சிப். எந்த ஊரிலும் நம் தொழில்காரர் வழக்கம் இதுதான்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இது வேறுமாதிரி. ஆர்கன்சாஸில் யுரீகா ஸ்பிரிங்ஸ் என்று ஒரு மலையூர். அங்கே 1886-ல் கட்டிய கிரெசென்ட் ஓட்டலை 1937-ல் நார்மன் பேக்கர் என்பவர் எடுத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஆக்கினார். மனிதர் மருத்துவம் படித்தவரே இல்லை. நோயாளிகளிடம் காசைக் கறந்தார். கடைசியில் தபால் மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். அங்கே வந்து ஏமாந்து செத்தவர்கள்தான் இன்று அந்த ஓட்டலின் பேய்கள். ராத்திரி டிக்கெட் போட்டு, பிணவறை இருந்த அடித்தளம் வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். உயிரோடு இருந்தபோது பேக்கருக்குக் கொடுத்தார்கள், செத்த பிறகு ஓட்டலுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சல்லிக்காசு கிடையாது.

நாஞ்சில் நாட்டில் கணக்கு தலைகீழ். இங்கே வசூல் பேய்க்குத்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடி வரி பிரித்து, பந்தல் போட்டு, ராத்திரி முழுக்க அதன் கதையை அதற்கே பாடிக்காட்டி, சோறும் கொடுக்கிறது. அப்படி நடத்தப்படுகிற பேய் லாட்ஜில் போய் ஏன் கிடக்கப்போகிறது?

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் பார்வதிபுரம் தாண்டியதும் கள்ளியங்காடு. இன்று அங்கே காடும் இல்லை, தேடிப்பார்த்தால்தான் கள்ளி. வீடும் கடையும் பஸ் ஹாரனுமாக நகரத்தோடு ஒட்டிவிட்டது. ஒரு காலத்தில் இந்த வட்டாரமெல்லாம் பஞ்சவன்காடு. பத்மநாபபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பொழுது சாய்ந்தால் ஆள் நடக்கப் பயந்த இடம். சி.வி. ராமன்பிள்ளை 1891-ல் எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் பஞ்சவன்காட்டில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் ஒருவனோடுதான் தொடங்குகிறது. இங்கேதான் கள்ளியங்காட்டு நீலி.

கதையை வில்லுப்பாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பாடமாகப் பாடுவார்கள். நடுத்தண்டு ஒன்றுதான். கோவில் பூசை செய்யும் நம்பி ஒருவன் தாசி வீட்டில் கைப்பொருளையெல்லாம் தொலைக்கிறான். பொருள் தீர்ந்ததும் தாசியின் தாய் அவனை வெளியே தள்ளுகிறாள். மகளுக்கு மனசு கேட்கவில்லை. கழுத்து நிறைய நகையோடு அவன் பின்னாலேயே போகிறாள். கள்ளிக்காட்டில் களைத்துப்போய் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். நம்பி மணலைக் கூட்டி அணைகட்டி, அவள் தலையை மெல்ல அதன்மேல் இறக்கிவைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போடுகிறான். சாகிற நேரத்தில் கேட்க நாதியில்லாமல் அவள் பக்கத்தில் நின்ற கள்ளியைச் சாட்சிக்கு வைக்கிறாள். தேடி வந்த அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான். நகையோடு போன நம்பியைப் பாம்பு தீர்த்துவிடுகிறது.

அந்த மணல் அணையை எந்தப் பாட்டுக்காரரும் விடுவதில்லை. கொல்லப்போகிறவன் தூக்கம் கலையாமல் தலையை இறக்கிவைக்கிற அந்தப் பக்குவம் இருக்கிறதே, ஓட்டல் பேய் எதுவும் அத்தனை பயமுறுத்தாது.

அடுத்த பிறவியில் அண்ணனும் தங்கையும் சோழராசன் வீட்டில் நீலன், நீலி என்று பிறக்கிறார்கள். ராத்திரியானால் தொட்டிலை விட்டிறங்கி ஆடுமாடுகளைத் தின்கிறார்கள். விஷயம் தெரிந்து காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். நீலன் பழையனூர் வேளாளர் கையால் சாகிறான். நம்பியோ செட்டி வீட்டில் ஆனந்தனாகப் பிறந்து, வழியில் காவலுக்கு மந்திரக் கத்தியோடு வியாபாரத்துக்குக் கிளம்புகிறான். நீலி கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் நடக்கிறாள். அவன் ஓடிப்போய்ப் பழையனூரில் எழுபது வேளாளர் கூடியிருந்த சபையில் விழுகிறான். அவளும் வந்து, “என் புருஷன், என்னோடு பிணங்கிப் போகிறார்” என்று அழுகிறாள். குழந்தையை இறக்கிவிடுகிறாள். அது நேரே போய் அவன் மடியில் ஏறுகிறது. பெரியவர்களுக்கு வேறு சாட்சி எதற்கு? “அந்தக் கத்தியை மட்டும் வாங்கிவையுங்கள், எனக்குப் பயமாயிருக்கிறது” என்கிறாள். வாங்கிவைக்கிறார்கள். “உன் உயிருக்கு நாங்கள் எழுபது பேரும் பிணை” என்று அவனைத் தேற்றி இரண்டு பேரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்து பார்த்தால் செட்டி குடல் சரிந்து கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீக்குளிக்கிறார்கள்.

பழையனூர் இங்கிருந்து வெகுதூரம். திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டுக்குப் பக்கம். சம்பந்தரின் தேவாரத்திலேயே இந்தச் சம்பவத்துக்குக் குறிப்பு உண்டு. சமணர்கள் அதே பழையனூர்ப் பேயை எடுத்து, முனிவர் ஒருவரிடம் தோற்கவைத்துச் சீடராக்கி, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தரோடும் மற்றவரோடும் தர்க்கம் பேச வைத்துவிட்டார்கள். அதுதான் ‘நீலகேசி’. உலகத்தில் வேறெந்தப் பேய்க்கும் தத்துவ வாதம் செய்கிற உத்தியோகம் கிடைத்ததாக நான் படித்ததில்லை.

நாஞ்சில் நாட்டார் அவளைத் தர்க்கத்துக்கு அனுப்பவில்லை, இசக்கியாக்கி வைத்துக்கொண்டார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை என்று நிற்கிற இசக்கி சிலையிடம்தான் இந்த மாவட்டத்துப் பெண்கள் பிள்ளைவரம் கேட்டு மரத்தொட்டில் கட்டுகிறார்கள். யாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் திகைப்பார்கள். எனக்கு இது திகைப்பாக இல்லை. கொலையானபோது அவள் வழக்கைக் கேட்க ஓர் ஆள் இல்லை. அடுத்த பிறவியில் பொய்க்குழந்தையோடு வந்து நின்றபோதுதான் ஊர்ச்சபை காது கொடுத்தது. கையில் பிள்ளை இருந்தால்தான் பெண் சொல் அம்பலம் ஏறும் என்பதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்?

சமண யட்சிகளின் சாயல் இசக்கியில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. அம்பிகா யட்சி குழந்தையோடு இருப்பவள். மார்த்தாண்டம் பக்கத்துச் சிதறால் மலையில், 9ஆம் நூற்றாண்டில் சமணப்பள்ளியாக இருந்த இடம் பிறகு பகவதி கோவிலாகிவிட்டது. நேரமிருந்தால் ஏறிப் பாருங்கள். சாயங்காலக் காற்றுக்காகவாவது போகலாம்.

செத்தவர் சாமியாவது சும்மா நடந்துவிடாது. அதற்குக் கொடை என்கிற அந்த வருஷத் திருவிழா வேண்டும். வில், குடம், உடுக்கை, தாளம் என்று வில்லுப்பாட்டுக் கோஷ்டி கோவில் முன்னால் உட்கார்ந்துவிடும். முன்னிரவில் கைலாசத்தில் பிறந்த தெய்வங்களின் கதை. அப்போது கூட்டம் கடலை கொரித்துக்கொண்டு, பிள்ளைகளைத் தூங்கப்போட்டுக்கொண்டு, பாதிக் காதால் கேட்கும். நடுச்சாமத்துக்குமேல் வெட்டுப்பட்ட வாதைகளின் கதை எடுப்பார்கள். இந்த மண்ணில் பிறந்து, இன்னாரால் இன்ன இடத்தில் கொல்லப்பட்டவர்கள். கதை கொலையை நெருங்க நெருங்கப் புலவரின் குரலும் வீசுகோலும் முறுகும். குடக்காரர் கை தனியே ஒரு வேகம் பிடிக்கும். கல் விழுகிற இடத்துக்கு வரும்போது கமுகம்பூக் குலையைக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கும் சாமியாடியின் தோள்பட்டை முதலில் துள்ளும், அப்புறம் குலை உதிரத் தொடங்கும். மஞ்சணை பூசிய இசக்கிக்கு முன்னால் அந்த வெள்ளைப் பூ சிதறிக் கிடக்கும்.

ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இந்த மாவட்டத்துக் கொடைகளை இரவிரவாக உட்கார்ந்து கேட்டு, 1988-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். பிறப்புக் கதை பாடும்போதைவிடச் சாவுக் கதை பாடும்போதுதான் அருள் உக்கிரமாக இறங்குகிறது என்பது அவர் கண்டது. நம் அ.கா. பெருமாள் இந்தக் கதைப்பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்திருக்கிறார். நீலி மட்டுமா? மார்த்தாண்டவர்மா மகாராஜா அரசுரிமைச் சண்டையில் நாகர்கோவிலில் வைத்துக் கொன்ற பப்புத் தம்பிக்கும் ராமன் தம்பிக்கும் ‘தம்பிமார் கதை’ உண்டு.

கொன்றவர் இருந்த இடத்தையும் பார்த்துவிடலாம். தக்கலையிலிருந்து உள்ளே போனால் பத்மநாபபுரம் கொட்டாரம். நிலம் தமிழ்நாடு, நிர்வாகம் கேரள அரசு. 1956-ல் எல்லை பிரித்தபோது ஏற்பட்ட ஏற்பாடு. திங்கட்கிழமை திறக்க மாட்டார்கள். மரவேலைக்கும், முகம் தெரிகிற கறுப்புத் தரைக்கும், ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்த ஊட்டுப்புரைக்கும் பேர்போன இடம். ஆனால் ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் சில பகுதிகளை 1993-ல் இங்கே எடுத்துவிட்டார்கள். 2005-ல் ‘சந்திரமுகி’ வந்து தமிழ்நாடு முழுக்க அந்தக் கதையைக் கொண்டுசேர்த்தது. இப்போது ஏணிப்படி போன்ற அந்தச் செங்குத்துப் படியில் நிற்கிற பையன்கள் வழிகாட்டும் பெண்ணிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்:

“அக்கா, சந்திரமுகி ரூம் எது?”

“அது சினிமாவாக்கும் மக்களே. தலையப் பாத்து ஏறுங்க, உத்தரம் இடிக்கும்.”

‘மணிச்சித்திரத்தாழ்’ பேயான நாகவல்லிக்கும் இந்த அரண்மனைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. கதாசிரியர் மது முட்டத்தின் ஊர் ஆலப்புழை மாவட்டத்து முட்டம். அங்கே ஆலும்மூட்டில் என்ற பெரிய வீட்டில் நடந்த கொலைதான் கதைக்கு வித்து என்பார்கள். (கலங்கரை விளக்கம் இருக்கிற நம்ம முட்டம் இல்லை, அங்கே போய் நாகவல்லியை விசாரித்தால் மீன்கூடையோடு துரத்துவார்கள்.)

படத்துப் பேயைத் தேடுகிறவர்கள், அருங்காட்சியகப் பகுதியில் இருக்கிற ஒரு சாமானைத் தாண்டி நடந்துவிடுகிறார்கள். இரும்புப் பட்டைகளை வளைத்து மனித உருவத்துக்குச் செய்த கூடு. தலைக்கு ஒரு வளையம், நெஞ்சுக்குச் சில, காலுக்குத் தனித்தனி. ஆளை உள்ளே வைத்துப் பூட்டி மரத்தில் தொங்கவிட்டால் மிச்சத்தை வெயிலும் கழுகும் பார்த்துக்கொள்ளும். வாதைகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு வேறு வழிகாட்டி வேண்டாம். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் வேளிமலை அடிவாரத்து மேலாங்கோடு. நீலப்பிள்ளை, செண்பகவல்லி என்று யட்சிகள் இரண்டு பேர் அங்கே கோவில் கொண்டிருக்கிறார்கள். கொட்டாரத்துக்கு வருகிற சுற்றுலா பஸ்கள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

ராமன் தம்பியின் பேரோடு இன்னொருத்தியும் வருகிறாள். மார்த்தாண்டம் பக்கத்துக் காஞ்சிரக்கோட்டுச் சிருதேவி அவருடைய காதலி என்றும், தன் பல்லக்குத் தூக்கியின் மேல் கொண்ட மோகத்தால் அவன் மனைவியைக் கொல்லவைத்து, பிறகு அவன் கையாலேயே செத்து யட்சியானாள் என்றும் கதை. அவள் இப்போது இருப்பது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலின் ‘பி’ நிலவறை என்பது நம்பிக்கை. 2011-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மற்ற அறைகளைத் திறந்தபோது வெளியே வந்த தங்கத்தை உலகமே பார்த்தது. அந்த ஒன்று மட்டும் இன்னும் பூட்டியே இருக்கிறது. திறப்பதா வேண்டாமா என்பதை 2020 தீர்ப்பு கோவில் நிர்வாகக் குழுக்களிடம் விட்டுவிட்டது. காஞ்சிரக்கோட்டுக்காரி கெட்டிக்காரி.

கடைசியாக ஆரல்வாய்மொழிக் கணவாய். காற்றாலை விசிறிகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கி. போகிற வண்டிகள் நிறுத்திக் காணிக்கை போட்டுவிட்டுத்தான் நகரும். ஆடிச் செவ்வாயில் பக்கத்து ஔவையாரம்மனுக்குக் கூழும் கொழுக்கட்டையுமாகக் கூட்டம் நெரியும். இதே கணவாயில் காற்றாடிமலை இருக்கிறது. நட்டாலத்து நீலகண்டப்பிள்ளை அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர். குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயோடு பழகிக் கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனார். அவரை 1752 ஜனவரி 14 அன்று ராஜாவின் ஆட்கள் சுட்டுக்கொன்றது அந்த மலையில்தான். 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம் கிடைத்தது. தீர்ப்பு வர இருநூற்றெழுபது வருஷம். கொல்லப்பட்டவரைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் வைக்கிற காரியத்தை ரோமாபுரி கோப்புகளை வைத்து விசாரித்துச் செய்கிறது, நம் ஊர் குடமும் உடுக்கையும் வைத்துச் செய்கிறது.

தங்க இடம் கேட்டு எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குனி, சித்திரை மாதங்களில் ஏதாவது ஓர் ஊரில் கொடை இருக்கும், விசாரித்துக்கொண்டு வாருங்கள். நெற்றி டார்ச், கேமரா எல்லாம் பைக்குள் இருக்கட்டும். ஊர்க்காரரிடம் கேட்காமல் படம் எடுத்தால் அடி விழும். ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் பாய் கிடைக்கும், நடுச்சாமத்தில் கட்டன்சாயா கிடைக்கும், விடிந்தால் படப்புச் சோறும் உண்டு.

(தொடரும்)