ராத்திரியோடு ராத்திரியாக...

முகூர்த்த நாளுக்கு மறுநாள் செய்தித்தாளில் அந்தச் செய்தி அநேகமாக இருக்கும். உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திண்டிவனம் என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய குடும்பம். அதிகாலை மூன்றரை, நான்கு மணி. சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி, காரின் முன்பகுதி அப்பளம்போல் நொறுங்கியது. டிரைவர் தூக்கக் கலக்கத்தில் ஓட்டியதே காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் தெரியவந்ததாகக் கடைசி வரி முடியும்.

அந்தக் கடைசி வரி எனக்குப் போதவில்லை. கண் அசந்தது டிரைவர்தான். ஆனால் இப்படிப்பட்ட விபத்துகளில் பல, முந்தின நாள் மாலையே கல்யாண மண்டபத்தில் முடிவாகிவிடுகின்றன. "ராத்திரியோட ராத்திரியா கிளம்பிட்டா காலைல ஆபீஸ் போயிடலாம்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். காரணங்களும் நியாயமாகவே இருக்கும். ஒரு நாள் லீவு மிச்சம். வெயில் இருக்காது. குழந்தைகள் தூங்கிக்கொண்டே வந்துவிடும். பெருங்களத்தூர் நெரிசலுக்கு முன்பே சென்னைக்குள் நுழைந்துவிடலாம். வண்டி ஓட்டப்போகிறவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்பது மட்டும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

முகூர்த்தத்துக்காக விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர், இரவு 9 மணிக்குக் காரை எடுக்கும்போது 17 மணி நேரம் விழித்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் நடத்திய ஆய்வு 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மங்கிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறத்தாழ 100 மில்லிகிராமுக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. மதுவையே தொடாத அந்த மனிதர், மண்டபத்து வாசலைத் தாண்டும்போதே குடித்தவரின் நிலைக்கு வந்துவிட்டார். உண்மையிலேயே குடித்திருந்தால் வீட்டில் யாராவது சாவியைப் பிடுங்கியிருப்பார்கள்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. காரணங்களின் பட்டியலில் முதலில் நிற்பது அதிவேகம். அதில் சந்தேகமில்லை. ஆனால் வேகம் என்று எழுதப்பட்ட கட்டத்துக்குள் தூக்கமும் நிறைய ஒளிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். குடித்தவரை ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். தூக்கத்தை ஊதிப் பார்க்கக் கருவி கிடையாது.

அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தூக்கத்தைக் கேட்டு அடம்பிடிக்கும் நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் இதே தொல்லை உண்டு. நான்குவழிச் சாலையில் வளைவும் கிடையாது, எதிரே வண்டியும் கிடையாது. கண் நான்கு நொடி செருகினால் போதும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் 111 மீட்டர் ஓடிவிடும். விழித்திருப்பவர் கடைசி நொடியிலாவது பிரேக்கை மிதிப்பார், ஸ்டியரிங்கை ஒடிப்பார். தூங்கியவரின் கார் வேகம் குறையாமல் போய் மோதும். அதுவும் லாரியின் பின்புறம் என்றால் நிலைமை இன்னும் மோசம். மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்வதற்கென்றே பம்பரையும் பானெட்டையும் வடிவமைக்கிறார்கள். லாரியின் தளமோ அதற்கு மேலே, முன்கண்ணாடியின் உயரத்தில் இருக்கிறது. பின்னால் தடுப்புக் கம்பி இல்லாமலோ வலுவில்லாமலோ போனால், பானெட் அடியில் நுழைந்துவிடும். அடி நேராகக் கண்ணாடியிலும் கூரையைத் தாங்கும் தூண்களிலும் விழும். ஏர்பேக் இருந்தும் உயிர் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்கிங் லைட்டும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் இல்லாமல் இருட்டில் நிற்கும் லாரிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. மற்ற வண்டிகளுக்கு ஆபத்தாக வாகனத்தை நிறுத்துவது சட்டப்படி குற்றம். ஆனால் பல லாரிகள் அங்கே நிற்பதும் அந்த டிரைவருக்கும் தூக்கம் வந்ததால்தான். ஒதுங்கி நிற்க இடம் போதுமான அளவு இல்லாத சாலையில் அவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

ராத்திரிப் பயணத்தில் பின்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாமல், ஒருவர் மடியில் ஒருவர் தலைவைத்துத் தூங்குவது நம் வழக்கம். 2022 செப்டம்பர் 4 அன்று, மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே ஒரு பாலத்துத் தடுப்பில் கார் மோதியதில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின்சீட்டில் அவரும் உடன் இருந்தவரும் பெல்ட் போடவில்லை; இருவரும் இறந்தார்கள். முன்சீட்டில் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் எத்தனையோ கார்களில் பின்சீட்டு பக்கிள்கள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. கவரைத் தூக்கி அவற்றை வெளியே எடுத்துவிட ஐந்து நிமிடம் ஆகாது.

கொட்டாவி தொடர்ந்து வருகிறது, கடந்த இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்பது நினைவில்லை, வண்டி கோட்டைத் தாண்டித் தாண்டித் திரும்புகிறது. இதெல்லாம் வந்துவிட்டால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஜன்னலை இறக்கிவிடுவதும் சில நிமிடத்துக்குத்தான். டோல்கேட்டைத் தாண்டி வெளிச்சமான இடத்திலோ பெட்ரோல் பங்கிலோ வண்டியை ஓரங்கட்டி, ஒரு காபி குடித்துவிட்டு, இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குவது பலன் தரும். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். இந்தக் குட்டித் தூக்கமும் அடுத்த ஊர் லாட்ஜ்வரை போய்ச்சேரத்தான். பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது; ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவது அவர் பொறுப்பு.

ஆக்டிங் டிரைவரை அமர்த்திவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. மண்டபத்தில் அவரைக் கவனித்துப் பாருங்கள். எல்லோரும் சாப்பிட்டபின் கடைசிப் பந்தி. பிறகு வெயிலில் நிற்கும் காருக்குள், கதவைத் திறந்துபோட்டுக் காலை வெளியே நீட்டிக்கொண்டு அரைத் தூக்கம். நடுவில் யாரையாவது பஸ் ஸ்டாண்டில் விடச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மறுத்துப் பேசினால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்ற பயத்தில் போவார். இரவு எட்டு மணிக்கு, "கிளம்பலாமாண்ணே?" என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரைமணி ஓய்வு என்று வகுத்துவிட்டது. நம் வீட்டுக் காரை ஓட்ட வருபவருக்கு அந்த அளவுகோலையாவது நாம் வைத்துக்கொள்ளலாம். அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பேசும்போது, மாப்பிள்ளை வீட்டாருக்கு எத்தனை ரூம் என்று கேட்கும் வாயாலேயே டிரைவர்களுக்கு ஒரு ரூம் கேளுங்கள். பாயும் ஃபேனும் இருந்தால் போதும். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்தக் கதவை யாரும் தட்டக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.