அசையும் எழுத்துக்குக் கண்ணாடி உடல்

கண்ணாடிக்கென்று சொந்த உருவம் கிடையாது. பின்னால் இருப்பதை வளைத்தும், சுற்றியிருப்பதைப் பிரதிபலித்தும்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மோஷன் கிராபிக்ஸ் மென்பொருளில் கண்ணாடி எழுத்து செய்யப் புகுவோர் முதலில் சறுக்குவதும் இதில்தான். எழுத்துக்கு வெளிர்நீலம் பூசி, ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்தால் கிடைப்பது கலர் பேப்பர்தான். ஆகவே வேலை எழுத்திலிருந்து அல்ல, பின்னணியிலிருந்தே தொடங்குகிறது.

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள பாலசமுத்திரத்தின் பெயரையே உதாரணமாகக் கொள்ளலாம். பின்னணியில் பக்கத்திலுள்ள பாலாறு–பொருந்தலாறு அணையின் வீடியோ. அதன்மேல் ஊர்ப்பெயர் கண்ணாடியாக மிதக்க வேண்டும். பின்னணி லேயரை நகலெடுத்து, எழுத்தையே ட்ராக் மேட்டாக வைத்தால் எழுத்தின் வடிவுக்குள் மட்டும் அந்த நகல் தெரியும். இனி அந்த நகலை வளைக்க வேண்டும்.

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. தண்ணீருக்கு 1.33, வைரத்துக்கு 2.42. ஆனால் தட்டையான கண்ணாடி, பின்னாலுள்ள காட்சியைப் பெரிதாக உருக்குலைப்பதில்லை. ஜன்னல் வழியே தெரு நேராகத்தான் தெரிகிறது. காட்சியை வளைப்பது ஓரச் சரிவு. அதனால் வெள்ளை எழுத்தைக் கறுப்புப் பின்னணியில் வைத்து, ஓரத்தை பிளர் செய்து உயரப்படம் ஒன்றைத் தயாரிப்பார்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலுள்ள சிசி கிளாஸ் எஃபெக்ட் அதன் வெளிச்சத்தை உயரமாகக் கணக்கிட்டு, சரிவுள்ள இடங்களில் மட்டும் பிக்சல்களை நகர்த்தும். 8 பிட் படத்தில் உயரத்துக்கு 256 படிகளே உண்டு. மென்மையான சரிவு படிக்கட்டாக உடைந்து தெரியும். 16 பிட்டுக்கு மாற்றினால் அது நீங்கும்.

எழுத்துரு தேர்வு இங்கே மிக முக்கியம். மெல்லிய எழுத்துருவில் இருபக்கச் சரிவும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, நடுவே சமதளத்துக்கு இடமே இருக்காது. தடித்த எழுத்தில் 'ல'வின் சுழி கண்ணாடிக் குழாய்போலத் திரள்கிறது. 'த்', 'ம்' ஆகியவற்றின் புள்ளிகள் இன்னும் அழகானவை. உண்மையான கண்ணாடிக் குண்டு பின்னாலுள்ள மலையைத் தலைகீழாகக் காட்டும். புள்ளிக்குள் காட்சியைத் திருப்பிவைத்தாலே கண் நம்பிவிடுகிறது.

அடுத்தது பிரதிபலிப்பு. அணைக்கரையில் நிற்பவருக்குக் காலடித் தண்ணீரில் கூழாங்கல் தெரியும். தொலைவுத் தண்ணீரில் மலையின் நிழலே தெரியும். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு கூடுகிறது. இதைக் கணக்கில் வடித்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃப்ரெனல். கண்ணாடியை நேராகப் பார்த்தால் ஒரு பரப்பில் சுமார் 4 சதவீத ஒளியே திரும்பும். மிகச் சாய்ந்த கோணத்தில் ஏறக்குறைய முழுவதும் திரும்பும். எனவே வானத்தின் பிரகாசத்தை எழுத்தின் ஓரத்தில் அடர்த்தியாகவும் நடுவில் மிக மெல்லியதாகவும் ஏற்ற வேண்டும். எங்கும் சீராகப் பூசிய பளபளப்பு பிளாஸ்டிக்கைத்தான் நினைவூட்டும்.

நீல ஒளி சிவப்பைவிடச் சற்று அதிகமாக வளையும். மூன்று வண்ணங்களையும் தனித்தனி நகல்களாக்கி, நீலத்துக்கு வளைவைச் சற்றுக் கூட்டினால் ஓரங்களில் வானவில் கீற்று எட்டிப்பார்க்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியின் விளிம்பு பச்சையாகத் தெரியக் காரணம் அதிலுள்ள இரும்பு. அந்தச் சாயலும் கொஞ்சம் சேரலாம்.

இவையெல்லாம் குறுக்குவழிகள். ஒவ்வொரு ஒளிக்கதிரையும் பின்தொடரும் முறையை டர்னர் விட்டட் 1980இல் வெளியிட்டார். கண்ணாடிக் கோளம் கொண்ட அவருடைய ஒரு படத்தைக் கணக்கிட அன்றைய கணினிக்கு 74 நிமிடம் பிடித்தது. இன்று முப்பரிமாண மென்பொருள்கள் அதை விரைந்து செய்தாலும், தலைப்பு எழுத்துக்கு லேயர் முறையே பெரும்பாலும் போதும்.

கடைசிச் சோதனை அசைவு. எழுத்து நகரும்போது அதற்குள் தெரியும் அணையும் மலையும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. அவை தம் இடத்திலேயே நிற்க, வளைவு மட்டும் அவற்றின்மேல் ஊர்ந்துபோக வேண்டும்.