அகழியில் விட்டுவந்த பையன்

1916-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்து அராஸ் நகரின் பக்கத்தில், ஸ்காட்லாந்தின் வடகோடியிலிருந்து வந்திருந்த ஒரு பட்டாளத்தைச் சேர்ந்த சிலர் தம் அகழியை விட்டு வெளியேறி, இடைநிலத்தைத் தாண்டி, ஜெர்மானியரின் அகழிக்குள் குதித்தார்கள். உலக மகாயுத்தத்தின் பெரிய சரித்திரங்களில் இந்தச் சம்பவத்துக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. ஆயினும் அன்று அங்கே மடிந்த டேவிட் ஸதர்லண்ட் என்ற சாதாரணச் சிப்பாயின் பெயர் இன்றுவரை வழங்கி வருகிறது. அதற்குக் காரணம் அவனைத் தூக்கிச் சுமந்த அதிகாரி ஒரு கவி என்பதே.

யூவார்ட் ஆலன் மக்கின்டாஷ் என்ற அந்த அதிகாரிக்கு அப்போது வயது இருபத்துமூன்று. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பிறந்தவரேனும், வடக்கு மலைநாட்டிலிருந்து வந்த தந்தையின் வம்சத்தைத் தம் உள்ளத்தில் ஆழப் பதித்துக்கொண்டவர். ஆக்ஸ்போர்டில் கிரேக்கமும் லத்தீனும் பயின்ற காலத்திலேயே மலைநாட்டாரின் கேலிக் பாஷையையும் பைக்குழல் வாத்தியத்தையும் கற்றுக்கொண்டார். யுத்தம் மூண்டதும் சேனையில் சேர விரைந்தவரைக் கண்பார்வை போதாதென்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீண்டும் முயன்று, 1914-இன் இறுதியில் ஸீஃபோர்த் ஹைலாண்டர்ஸ் என்னும் ரெஜிமெண்டின் ஐந்தாவது பட்டாளத்தில் அதிகாரியானார். ஸதர்லண்ட், கேத்னஸ் என்ற வடகோடி மாவட்டங்களில் ஆள் திரட்டிய பட்டாளம் அது. அந்த மாவட்டத்தின் பெயரையே டேவிட்டும் குடும்பப் பெயராகத் தாங்கியிருந்தான்.

வட கடற்கரையிலிருந்து ஸ்விட்ஸர்லாந்து எல்லை வரை இரு தரப்பாரும் பூமியைக் குடைந்து எதிரெதிரே பதுங்கிவிட்ட பின்னர், யுத்தம் என்பது பெரும்பாலும் சேற்றிலும் பேனிலும் எலிகளின் நடுவிலும் காத்துக்கிடப்பதாக ஆயிற்று. மலைநாட்டுச் சிப்பாய்களுக்கோ அவர்களுடைய பெருமைக்குரிய கில்ட் என்னும் மடிப்புப் பாவாடையே ஒரு தண்டனையாக முடிந்தது. அதன் மடிப்புகளில் பேன்கள் குடியேறின. நனைந்து உறைந்த கம்பளி விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அறுத்தது. இந்தக் காத்திருப்பின் இடையிடையே, எதிரே நிற்பது எந்தப் பட்டாளம் என்று அறியவும், கைதிகளைப் பிடிக்கவும், தம் வீரரின் போர்க்குணம் மழுங்காமல் வைக்கவும் தளபதிகள் 'ரெய்டு' என்னும் திடீர்ப் பாய்ச்சல்களுக்கு உத்தரவிட்டார்கள். ஒரு பட்டாளத்தின் ஊக்கத்தையே இவற்றால் அளக்கத் தொடங்கியது அந்த யுத்தத்தின் கொடுமைகளில் ஒன்றென்றே நான் கருதுகிறேன்.

மக்கின்டாஷ் நடத்தியதும் அத்தகைய ரெய்டுதான். எதிரியின் அகழிக்குள் குண்டெறிந்து சண்டையிட்டுத் திரும்பும் வேளையில் டேவிட் படுகாயமடைந்தான். அகழிகளை நேர்க்கோடாக வெட்டுவதில்லை. ஓரிடத்தில் வெடித்த குண்டின் நாசம் அடுத்த இடத்துக்குப் பரவாமலிருக்க, சில கஜங்களுக்கொரு முறை வளைந்து திரும்பும்படியாகவே வெட்டுவார்கள். குறுகிய, திருப்பங்கள் நிறைந்த அந்தப் பாதையில், பின்னால் ஜெர்மானியர் துரத்திவர, குற்றுயிராய்க் கிடந்த பையனைச் சுமந்துகொண்டு மக்கின்டாஷ் ஏறக்குறைய நூறு கஜ தூரம் வந்தார். அகழியிலிருந்து மேலே ஏற்றுவதற்குள் டேவிட்டின் உயிர் பிரிந்தது. உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்றவேண்டிய கடமை முன்னின்றதால், உடலை அங்கேயே விட்டுவரும்படி ஆயிற்று. அன்றைய தீரத்துக்காக மக்கின்டாஷுக்கு மிலிட்டரி கிராஸ் விருது வழங்கினார்கள். டேவிட்டுக்குக் கல்லறை இல்லை. அராஸ் நகரில், கல்லறையற்ற ஏறக்குறைய 35,000 பேரின் பெயர்களைத் தாங்கி நிற்கும் நினைவுச் சின்னத்தில் அவனுடைய பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

டேவிட்டுக்காக மக்கின்டாஷ் எழுதிய இரங்கற்பாவின் தலைப்பே ஒரு சாஸனம் போல அமைந்தது. மாண்ட சிப்பாயின் பெயர், பதவி, தேதி, ஜெர்மன் அகழியில் மாண்டான் என்ற விவரம் ஆகிய எல்லாவற்றையும் அதில் சொல்லி, உடன் மடிந்த மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார். தேசம், வெற்றி, தியாகம் முதலிய பெரிய வார்த்தைகளைத் தேடி அவர் போகவில்லை; ஊரில் இருக்கும் டேவிட்டின் தகப்பனாரையே நேரே விளித்துப் பேசுகிறார். தகப்பனாருக்கு எழுதிய கடிதங்களில் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பையன் மலைமேல் மேயும் ஆடுகளையும் பயிர் அறுவடையையும் பற்றியே எழுதியதை நினைவுகூருகிறார். பிறகுதான் அந்தப் பாட்டின் துணிச்சலான இடம் வருகிறது: நீர் டேவிட் ஒருவனுக்கே தந்தை, எனக்கோ என் சிப்பாய்கள் எல்லாருமே பிள்ளைகள் என்று, மணமே ஆகாத அந்த இளைஞர் தந்தையின் உரிமையைக் கோருகிறார். பெற்றவர் கண்டது பிள்ளைகள் செழித்திருந்த கோலத்தை; மரண வேதனையில் அவர்கள் தம்மை நோக்கி அலறிய குரலைக் கேட்டவர் அதிகாரிதான். அதிகாரி, சிப்பாய் என்ற அந்தஸ்து பேதம் இறுகியிருந்த ஒரு சேனையில் இப்படி ஓர் உறவு விளைந்ததை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அதே ஆண்டு ஸோம் போரில் ஹை வுட் என்னும் காட்டுப் பகுதியில் அவர் காயமுற்று ஊர் திரும்பினார். பிறகு கேம்பிரிட்ஜில் பயிற்சி மாணவர்களுக்கு ஆசிரியராகப் பல மாதங்கள் பணியாற்றினார். ஸில்வியா என்ற பெண்ணுடன் திருமண நிச்சயமும் ஆயிற்று. ஆயினும் 1917 அக்டோபரில் மறுபடியும் பிரான்ஸுக்குச் சென்று, அதே ரெஜிமெண்டின் நான்காவது பட்டாளத்தில் சேர்ந்தார்; மாண்ட தோழர்களின் கைகள் தம்மை அழைத்ததாக அவளுக்கே கவிதை எழுதினார். அவளுக்கு அந்த விளக்கம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நவம்பர் 20-ஆம் தேதி, நானூறுக்கும் மேற்பட்ட டாங்கிகளை ஒருசேரச் செலுத்திக் காம்பிரே போரைப் பிரிட்டிஷார் தொடங்கினார்கள். மறுநாள் கான்டேங் கிராமத்துப் பகுதியில் நடந்த சண்டையில் மக்கின்டாஷ் மாண்டார், வயது இருபத்துநான்கு. அன்று அவருடைய பட்டாளத்தார் கைப்பற்றிய ஃபோன்டேன் கிராமத்தை அடுத்த நாளே ஜெர்மானியர் மீட்டுக்கொண்டார்கள். ஃப்ளெஸ்கியேருக்கு அருகிலுள்ள ஓரிவல் வுட் மயானத்தில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. இரண்டாவது கவிதைத் தொகுதி அவர் இறந்தபின் 1918-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் 1927-இல் எடின்பரோ நகரத்து இளவரசர் தெருப் பூங்காவில் கில்ட் அணிந்த சிப்பாய் ஒருவன் அமர்ந்திருப்பதாக ஒரு வெண்கலச் சிலையை நிறுவியபோது, அதில் பொறிக்க அவருடைய கவிதை வரிகளையே தேர்ந்தெடுத்தார்கள்.