மழைச் சங்கிலி: இடமறிந்து விற்றால் இலாபம்

கூரைப் பீலியில் சேரும் மழைநீரை நிலத்துக்கு இறக்க நாம் பீவீசீ குழாயைப் பொருத்துகிறோம். ஜப்பானில் இந்த வேலையை அழகான ஒரு சங்கிலி செய்கிறது. அதற்கு அங்கு 'குசரி தோய்' என்று பெயர்; சங்கிலிப் பீலி என்பது பொருள். அந்நாட்டின் கோயில்களில் நெடுங்காலமாகத் தொங்கிய இச்சங்கிலி, இன்று மேலை நாடுகளிலும் வீட்டு அலங்காரப் பொருளாக விற்பனையாகிறது. ஹாட்வெயார், பித்தளைச் சாமான் வியாபாரம் செய்வோர் கவனிக்க வேண்டிய பொருள் இது. இறக்குமதி செய்யத் தேவையில்லை, இங்கேயே செய்யலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வளையச் சங்கிலி. ஏசி வேலைக்குப் பாவிக்கும் கால் அங்குலச் செப்புக் குழாயை 2 அங்குலக் குழாயொன்றில் நெருக்கமாகச் சுற்றி, ஹெக்சோவினால் அறுத்தால் வளையங்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று கோத்துக் குறடால் மூட வேண்டும். 8 அடிச் சங்கிலிக்கு 48 வளையங்கள், ஏறத்தாழ 28 அடிக் குழாய் போதும். மற்றையது கிண்ணச் சங்கிலி. அடியில் துவாரமிட்ட சிறு கிண்ணங்களை 6 அங்குலத்துக்கு ஒன்றாகத் தொங்க விட்டால் 8 அடிக்கு 16 கிண்ணங்கள் வேண்டும். பிலிமத்தலாவைப் பித்தளைத் தொழிலாளருக்கு இது கைவந்த வேலை. கிண்ணங்கள் நீரை நடுவில் சேர்த்து இறக்குவதால் தெறிப்பு குறைவு. எனவே விலையும் கூடுதலாகச் சொல்லலாம்.

இனி, விற்பவர் அறிய வேண்டியது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 20 சதுர மீற்றர் கூரையில் மணிக்கு 60 மில்லிமீற்றர் வீதம் கொட்டினால் நிமிடத்துக்கு 20 லீற்றர், அதாவது இரண்டு வாளி நீர் ஒரே துவாரத்தால் இறங்கும். நமது பருவமழையில் இது அபூர்வமல்ல. அவ்வளவு நீரைச் சங்கிலி அடக்காது. சுவரிலும் அத்திவாரத்திலும் தெறிக்கும். ஆகவே பிரதான கூரைக்குக் குழாயே இருக்கட்டும். போர்ட்டிகோ, வாசல் தாழ்வாரம், தோட்டக் கொட்டில் போன்ற சிறு கூரைகளுக்கே சங்கிலி பொருத்தம்.

அலுமினியப் பீலியில் செப்புக் கொக்கியை நேரடியாக மாட்டினால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவே பிளாஸ்டிக் துண்டொன்று வைக்க வேண்டும். காற்றில் ஆடாதபடி சங்கிலியின் அடிநுனியையும் கட்ட வேண்டும்.

கீழே வைக்கும் சட்டியில் நீர் தேங்கக் கூடாது. 2017இல் நாட்டில் 1,80,000க்கும் அதிகமானோர் டெங்குக்கு ஆளாகினர். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சட்டியின் அடியில் துவாரமிட்டு, கூழாங்கல் நிரப்பி, நீர் காணுக்குப் போக வழி செய்து கொடுங்கள்.

கூரை எவ்வளவு பெரிது, சுவர் எவ்வளவு தூரம், விழும் நீர் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளையும் வாடிக்கையாளரிடம் கேட்ட பின்பே விலை பேசுங்கள். கேட்காமல் விற்றால் முதல் பெருமழையோடு பொருள் கடைக்குத் திரும்பி வரும். அதற்கு முன், உங்கள் கடைத் தாழ்வாரத்திலேயே ஒன்றைத் தொங்க விட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள். அதுவே பரீட்சை, அதுவே விளம்பரம்.