முல்லைக்கு ஒரு தேர்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் அடிபட்டுக் கிடந்த நாய் ஒன்றைச் சேர்ப்பதற்காக, டில்லியில் உள்ள விலங்குக் காப்பகம் ஒன்றிற்கு நானும் என் அறைத் தோழனும் சென்றிருந்தோம். பூனை வளர்க்கும் எண்ணம் எங்கள் இருவருக்குமே இல்லை.

அங்கே ஒரு கூண்டில் இரண்டு மாதக் குட்டி ஒன்று தனியே இருந்தது. உணவுத் தட்டை நோக்கி நடந்தது. கால்கள் அகன்று தடுமாறின. தட்டை நெருங்க நெருங்கத் தலை நடுங்கியது. குப்புற விழுந்தது, எழுந்தது, மீண்டும் விழுந்தது. கடைசியில் தட்டை அடைந்து ஆவலோடு உண்ணத் தொடங்கியது. கூடப் பிறந்த குட்டிகளை எல்லாம் யார் யாரோ கொண்டு போய்விட்டார்களாம். இதை மட்டும் எவரும் கேட்கவில்லையாம்.

“இப்படித் துன்பப்படுவதைவிட ஓர் ஊசி போட்டு முடித்துவிடலாமே” என்றான் தோழன். அவன் இரக்கமற்றவன் அல்லன். இரக்கத்தினால்தான் அப்படிச் சொன்னான். ஆனால் அந்தக் குட்டி உண்மையிலேயே துன்பப்படுகிறதா? அதை அறியாமல் ஓர் உயிரின் முடிவைப் பற்றிப் பேசலாமா? அந்தக் கேள்விதான் என்னை அங்கே நிறுத்தி வைத்தது.

காப்பகத்து மருத்துவர் அதற்கு ‘செரிபெல்லர் ஹைப்போபிளேசியா’ என்று பெயர் சொன்னார். சிறுமூளை வளர்ச்சிக் குறைவு என்று தமிழில் கூறலாம். நாம் தேநீர்க் குவளையை எடுத்து வாயருகே கொண்டு போகிறோம். கை எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணந்தோறும் திருத்திக்கொண்டே இருப்பது சிறுமூளை. அது சிறுத்துப் போனால் வலிமை குறைவதில்லை. அளவுதான் தவறிப் போகிறது. ஆகவேதான் குட்டி ஒன்றை நாடிச் செல்லும்போது நடுக்கம் மிகுகிறது; உறங்கும்போது நடுக்கம் அறவே இல்லை.

இக்குறை எப்படி நேர்கிறது? முன்னாளில் இதைப் பரம்பரைக் குறை என்றே பலரும் கருதினர். பூனைகளைத் தாக்கும் ‘பான்லூக்கோபீனியா’ என்ற வைரஸே இதற்குக் காரணம் என்பதைக் கில்ஹாம், மார்கோலிஸ் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1966-இல் எடுத்துக் காட்டினர். நாய்களைக் கொல்லும் பார்வோ வைரசுக்கு இது நெருங்கிய உறவு. பிளவுபட்டுப் பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களில்தான் இந்த வைரஸ் பெருக முடியும். வளர்ந்த பூனையில் குடலும் எலும்பு மச்சையும் அத்தகைய இடங்கள். கருவில் இருக்கும் குட்டிக்கும், பிறந்து சில நாட்களே ஆன குட்டிக்கும் சிறுமூளையும் அத்தகைய இடமே. பூனையின் சிறுமூளை பிறந்த பிறகும் சில வாரங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறது. தாய் சினையாக இருக்கும்போது நோய் தொற்றினால், வளரும் அணுக்கள் அங்கேயே அழிகின்றன.

வீடு கட்டி முடியுமுன் கொத்தனார்கள் மாண்டுபோனால் என்ன ஆகும்? வீடு குறையாகவே நின்றுவிடும். ஆனால் நின்ற சுவர் நாளுக்கு நாள் இடிந்து விழுவதில்லை. இந்தக் குறையும் அப்படித்தான். இது வளர்வதில்லை, வலிப்பதில்லை, இந்தத் தள்ளாட்டம் மற்றப் பூனைகளுக்குத் தொற்றுவதும் இல்லை. மற்ற உறுப்புகள் நலமாக இருந்தால் ஏனைய பூனைகளைப் போலவே நெடுநாள் வாழும். தீர்க்கும் மருந்து கிடையாது. மருந்து தேவையும் இல்லை.

ஒன்றை மறக்கலாகாது. தள்ளாடும் பூனை எல்லாம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. காதுப் புண், தலைக்காயம், நஞ்சு, வேறு நோய்கள் ஆகியவற்றாலும் நடை தடுமாறும். நன்றாக நடந்த பூனை திடீரெனத் தள்ளாடினாலோ, தள்ளாட்டம் நாளுக்கு நாள் மிகுந்தாலோ, உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

குட்டியை அறைக்குக் கொண்டுவந்தேன். முல்லை என்று பெயரிட்டேன். உடனே ஒரு பிழையும் செய்தேன். டில்லிக் குளிராயிற்றே என்று என் ரஜாயை மடித்துத் தரையில் விரித்து அதன்மேல் விட்டேன். மென்மையான மெத்தையில் அதன் கால்கள் புதைந்தன. ஓரடிகூட எடுத்து வைக்க முடியாமல் உருண்டு உருண்டு விழுந்தது. ரஜாயை எடுத்தேன், வழவழப்பான மொசைக் தரையில் முன்னிலும் மோசமாகச் சறுக்கியது. மறுநாள் மளிகைக் கடையிலிருந்து பழைய கோணிச் சாக்குகள் நான்கை வாங்கி வந்து விரித்தேன். சொரசொரப்பில் நகம் பற்றியது. முல்லை அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, வழியில் இரண்டே முறை விழுந்து, வந்து சேர்ந்தது!

அப்பொழுது பேகனும் பாரியும் நினைவுக்கு வந்தார்கள். மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணிப் பேகன் போர்வை அளித்தான். படரக் கொம்பின்றி வாடிய முல்லைக்குப் பாரி தேரை அளித்தான். கொடைமடம் என்று இரண்டையும் சேர்த்தே போற்றுகிறோம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மயிலுக்குப் போர்வை பயன்படாது. முல்லைக்கோ பற்றிப் படர ஏதேனும் வேண்டும். நான் முதல்நாள் விரித்த ரஜாய் பேகன் போர்வை. நாலு சாக்குத் துண்டுகளே பாரியின் தேர்.

இத்தகைய குட்டிக்குத் தேவையானவை சிலவே. நடக்கும் இடமெங்கும் சொரசொரப்பான விரிப்பு, சாய்ந்து நின்று உண்ண ஒரு சுவரோரம், கவிழாத கனமான கிண்ணம், மணல் தட்டுக்கு ஏறி இறங்க ஒரு பக்கம் தாழ்வு, சாய்ந்துகொள்ள மற்றப் பக்கங்கள் உயரம், பால்கனிக்கு வலை. தனியே தெருவில் விடலாகாது. ஓடித் தப்பவோ, தாவி ஏறவோ அதனால் இயலாது. பசும்பால் பல பூனைகளுக்குச் செரிப்பதில்லை; வயிற்றுப்போக்கே மிஞ்சும். தடுப்பூசிகளை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மருத்துவர் குறிக்கும் நாட்களில் தவறாமல் போட வேண்டும். தாய்க்குச் சினைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் இக்குறையே பெரும்பாலும் நேராது. இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். கைக்குத் தேய்க்கும் சானிடைசருக்கு இது அஞ்சாது. பிளீச்சிங் கரைசலுக்கு அடங்கும். தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் நண்பர்கள் இதை மனத்தில் கொள்க.

இனி, நம் போன்ற மாணவர்கள் இதற்குத் துணியலாமா? விடுதியில் இடமில்லை, வாடகை அறையும் நிலையில்லை. பூனையோ பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. முதுகலைப் படிப்போ இரண்டே ஆண்டு. இங்கே சட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மதுரையில் பிறந்த ருக்மிணிதேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இதே டில்லியில், விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக அரசே கொண்டுவந்ததுதான் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். பசியும் தாகமும் படும் நிலையில் வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். ஆண்டு முடிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டுப் பூனையை மாடிப்படியில் விட்டுப் போவதும் அதில் அடங்கக்கூடும். நாலு நாள் பரிவுக்கு முல்லைகள் வேண்டாம்.

எனக்கும் இக்கேள்வி எளிதாக இருக்கவில்லை. முதலில் அம்மா, “படிக்கப் போன இடத்துல உனக்கு எதுக்குடா பூனை?” என்றுதான் கேட்டாள். வரும் வைகாசியில் என் படிப்பு முடிகிறது. சென்ற வாரம் தொலைபேசியில் மெல்லத் தொடங்கினேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அதுக்கு என்ன மருந்துடா கொடுக்கணும்?” என்றாள்.

“மருந்து ஒண்ணும் வேண்டாம்மா. கூடத்துல சாக்கு விரிச்சா போதும்.”

“அதுக்கென்ன, நெல்லுச் சாக்கு நிறையக் கிடக்கு” என்றாள்.

அன்று ஊசி போட்டுவிடலாம் என்ற தோழன்தான் இப்போது சாக்குகளை வாரந்தோறும் துவைத்துக் காயப் போடுகிறான்.