காணாமல் தீட்டிய கொச்சி

சுள்ளிக்கல்லுக்கு அண்மையிலுள்ள கொச்சிக் கோட்டையை டச்சுக்காரர்கள் 1663ஆம் ஆண்டு போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அக்காலத்தில் தீட்டப்பெற்ற கொச்சி நகரின் எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனைத் தீட்டியவர் யோகன்னஸ் விங்க்போன்ஸ் எனக் கருதுவர். நிலப்படங்கள் வரைவதில் வல்லவரான அவர் கொச்சியைக் கண்டவரல்லர். பிறர் கொணர்ந்த வரைபடங்களைப் பார்த்தே வரைந்தார். ஆகவே, மூல ஓவியமே ஒருவகையில் நகல்தான்!

இத்தகைய ஓவியங்களைக் கையால் நகலெடுப்போர், மூலத்தின் ஒளிப்படத்திலும் துணியிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இட்டு, கட்டம் கட்டமாக வரைவதுண்டு. கொச்சியை நன்கறிந்த கலைஞருக்கு, ஊரோடு பொருந்தாத இடங்களைத் திருத்தும் ஆவல் எழக்கூடும். திருத்தினால் ஊர் சரியாக அமையலாம். ஆனால், அன்றைய ஆம்ஸ்டர்டாம் வணிகர் மனத்தில் கண்ட கொச்சி அப்படத்திலிருந்து மறைந்துவிடும்.